ஒரே ஏரி, இரண்டு கணக்கு: வட சென்னைப் பகுதியில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் நீர்த்தேக்கம் திட்டமிடும் முழு வழிகாட்டி

கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் மட்டும் இரு கரை தொட்டு ஓடி, ஒன்று எண்ணூர் கழிமுகத்திலும் மற்றொன்று பழவேற்காட்டிலும் கடலோடு கலந்துவிடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து அடுத்த ஐப்பசி வரை வைத்துக்கொள்வதுதான் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் போடப்படும் எந்த நீர்த்தேக்கத் திட்டத்துக்கும் உள்ள வேலை. கரை எவ்வளவு உயரம், செலவு எத்தனை கோடி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே ஏற்கெனவே இருப்பவை: 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி (3,231 மில்லியன் கன அடி), சோழவரம் (1,081), புழல் (3,300), 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை (500). கடைசியாகச் சொன்னது இரண்டு ஏரிகளை ஒரே கரைக்குள் சேர்த்து, கிருஷ்ணா கால்வாயிலிருந்து நிரப்பும் வகையில் அமைந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை நிரப்பி 1 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) எடுப்பது அதன் திட்டம். 2013இல் தொடங்கிய வேலை முடிய ஏழு ஆண்டு ஆனது. புதிதாகத் திட்டமிடுகிறவர் இந்த அளவையும் இந்தக் கால நீளத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். கீழே வரும் கணக்குகளுக்கு அதே 500 மில்லியன் கன அடி அளவில், ஆற்றுக்குக் குறுக்கே இல்லாமல் பக்கவாட்டில் அமையும் ஒரு மாதிரி ஏரியை எடுத்துக்கொள்கிறோம்.

அலகுகளை முதலில் ஒன்றாக்குங்கள்

நீர்வளத் துறை கன அடியில் பேசும், குடிநீர் வாரியம் லிட்டரில் பேசும், விவசாயி ஏக்கரில் பேசுவார். கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போய்விடும். கையில் இருக்க வேண்டிய மாற்று எண்கள் இவை:

- 1 மில்லியன் கன அடி = சுமார் 2.83 கோடி லிட்டர். ஆயிரம் மில்லியன் கன அடி 1 டி.எம்.சி.
- விநாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அதாவது 1 மில்லியன் கன அடி சேர பதினொன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும்.
- நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 1 டி.எம்.சி.
- 1 ஏக்கரில் 1 அடி உயரத் தண்ணீர் = 43,560 கன அடி.

படி 1: வரத்துக் கணக்கு

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. இந்த ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு ஏரி திட்டமிட்டால் திட்டம் காகிதத்தில் நிரம்பும், தரையில் நிரம்பாது. குறைந்தது 30 ஆண்டுத் தினசரி மழைப் பதிவும், தாமரைப்பாக்கம், வள்ளூர், லட்சுமிபுரம் அணைக்கட்டுகளைத் தாண்டிப் போன தண்ணீரின் பதிவும் வேண்டும். அணைக்கட்டைத் தாண்டியது மட்டும்தான் உங்களுக்கு மிச்சம். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு சொட்டும் ஏற்கெனவே யாருக்காவது பாத்தியப்பட்டது.

ஆண்டுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். பாசனத்துக்கு நான்கில் மூன்று ஆண்டு கிடைக்கும் அளவை (75 விழுக்காடு நம்பகம்) எடுப்பது வழக்கம். குடிநீருக்கு அது போதாது. கிட்டத்தட்ட எல்லா ஆண்டும் கிடைக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும். ஒரே ஏரிக்கு இரண்டு நம்பக அளவு என்பது இங்கேயே தொடங்குகிறது.

இரண்டு ஆறுகளின் மேற்பகுதியிலும் ஒரு பங்கு ஆந்திர எல்லைக்குள் இருப்பதை மறக்கக் கூடாது. ஆரணியாற்றில் பிச்சாட்டூர் அணையும், அதற்குக் கீழே சுருட்டப்பள்ளி அணைக்கட்டும் உண்டு. கொசஸ்தலையாற்றின் கிளைகளிலும் அணைகள் உண்டு. மேலே இன்னொரு அணை வந்தால் உங்கள் சிறு வெள்ள நாட்கள் காணாமல் போகும், பெருவெள்ள நாட்கள் அப்படியே இருக்கும். ஆகவே வரத்துக் கணக்கில் சிறு வெள்ளங்களைக் கழித்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஏரி நிரம்பினால்தான் மேற்கொண்டு போகலாம்.

கிருஷ்ணா நீரைச் சேர்ப்பதானால் ஆந்திராவோடு உள்ள ஒப்பந்தப்படி எல்லையில் கிடைக்க வேண்டிய 12 டி.எம்.சி.யை (ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4) வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 1996 முதல் ஆண்டுதோறும் உண்மையில் வந்து சேர்ந்த அளவை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு.

படி 2: நிரப்பும் கால்வாய்

இங்கே திட்டமிடும் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஏரிக்கு ஆற்றிலிருந்து 400 மில்லியன் கன அடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் 15 நாள் ஓடும் என்றால் விநாடிக்கு 310 கன அடி கால்வாய் போதும். ஆனால் ஆற்றில் போதிய மட்டம் நிற்பது எட்டு நாள்தான் என்றால் 580 கன அடி வேண்டும். எட்டு நாளையே நம்புங்கள், 600 கன அடிக்கு வெட்டுங்கள். கால்வாய் சிறுத்துப் போன ஏரி, பக்கத்தில் ஆறு கரைபுரண்டு ஓடும்போதும் பாதிதான் நிரம்பும்.

600 கன அடிக்கு ஏறத்தாழ 30 அடி அடித்தள அகலம், 6 அடி ஆழம், ஒன்றுக்கு ஒன்று பக்கச் சரிவு வேண்டும். மண் கால்வாயாக விட்டால் சாய்வு 3,500க்கு 1 அளவில் தேவைப்படும். அதாவது 10 கிலோமீட்டரில் 9 அடிக்கு மேல் இறக்கம். சிமெண்ட் பூச்சு போட்டால் அதே தண்ணீர் 6,700க்கு 1 சாய்விலேயே ஓடும், இறக்கம் 5 அடிக்குள் அடங்கும். இந்தச் சமதரையில் அந்த 4 அடி வித்தியாசம் ஏரியின் முழு நீர்மட்டத்தையே 4 அடி உயர்த்தித் தரும். பூச்சுச் செலவை நீர்க்கசிவுக்காக மட்டும் நியாயப்படுத்த முயல்கிறார்கள். உண்மையான லாபம் இந்த மட்டத்தில் இருக்கிறது.

தலைமதகுக்கு (ஆற்றிலிருந்து கால்வாய் பிரியும் இடத்து மதகு) முன்னால் மணல் படியும் குழியும், அதைக் கழுவிவிடும் மணல் போக்கி ஷட்டரும் வையுங்கள். முதல் வெள்ளத்தின் முதல் சில மணி நேரத் தண்ணீரை ஏரிக்குள் விடாமல் ஆற்றிலேயே அனுப்புவது நல்லது. வண்டலும் பிளாஸ்டிக் குப்பையும் அதில்தான் அதிகம்.

படி 3: இடமும் ஆழமும்

தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் குடத்துத் தண்ணீரைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். இப்பகுதி ஏரிகள் பெரும்பாலும் தாம்பாள வகை. புழலின் முழு ஆழம் 21 அடியைச் சற்றே தாண்டும், சோழவரம் 19 அடிகூட இல்லை.

நம் மாதிரி ஏரி 1,200 ஏக்கரில் அமைந்தால் சராசரி ஆழம் ஒன்பதரை அடி. ஜனவரி முதல் மே வரை திறந்த நீர்ப்பரப்பிலிருந்து சுமார் இரண்டே முக்கால் அடி ஆவியாகும். நீர்ப்பரப்பு சுருங்கிக்கொண்டே வருவதால் சராசரி 900 ஏக்கர் என்று எடுத்தாலும் இழப்பு 108 மில்லியன் கன அடி. சேமித்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதே கொள்ளளவை 600 ஏக்கரில் அடக்கினால் இழப்பு பாதியாகும், நில எடுப்பும் பாதியாகும்.

அப்படியானால் தோண்டிவிடலாமே என்று தோன்றும். 600 ஏக்கரில் ஒரு அடி தோண்டினால் எழும் மண் 7.4 லட்சம் கன மீட்டர். பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பரில் 74,000 நடை. கரைக்கே மொத்தம் 4 லட்சம் கன மீட்டர் அளவில்தான் தேவை (5.5 கிலோமீட்டர் நீளம், சராசரி 15 அடி உயரம் என்றால்). மீதி மண்ணை எங்கே கொட்டுவது என்பது திட்டத்தின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது பக்கத்து ஏரியின் வரத்துக் கால்வாயில் போய் விழும். தவிர, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஏறாது, பம்ப் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கடலோரம் நெருங்க நெருங்க இன்னொரு கட்டுப்பாடு. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக அதிகமாக உறிஞ்சியதால் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அங்கே ஆழத் தோண்டினால் உப்புநீர் ஊறி ஏரிக்குள் வரும். ஒவ்வொரு மாற்று இடத்திலும் கோடையில் கிணற்று நீரின் உப்பளவை எடுத்து, வரைபடத்தில் கோடாகப் போட்டுப் பாருங்கள். உப்புக் கோட்டுக்குக் கிழக்கே ஏரியைவிட ஆற்றில் தடுப்பணை கட்டி நிலத்துக்குள் நீரை இறக்குவது பயன் தரும். மேற்கே, பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம், ஏரி அமையலாம்.

நில அளவைக்குக் கால் மீட்டர் இடைவெளியில் சமமட்டக் கோடுகள் வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளி வரைபடம் மலைப்பகுதிக்குச் சரி. இங்கே அதை நம்பினால் கொள்ளளவே கணிசமாகத் தவறும்.

படி 4: பங்கீட்டுக் கணக்கு

மாதிரி ஏரி (1,200 ஏக்கர்) ஜனவரி 1 அன்று 500 மில்லியன் கன அடியுடன் நிற்கிறது. ஒன்றரை லட்சம் பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாளுக்கு 2 கோடி லிட்டர் குடிநீர் தர வேண்டும். நவரைப் பட்டத்துக்கும் (மழைக்காலம் முடிந்து ஜனவரி வாக்கில் தொடங்கும் பயிர்) தண்ணீர் கேட்கிறார்கள்.

- ஆவியாதல், மே முடிய: 108
- கசிவு: 30
- வண்டலுக்கும் அடிமட்டத்துக்கும் விட வேண்டியது: 25
- குடிநீர், மே முடிய: 107
- குடிநீர், ஜூன் முதல் செப்டம்பர் வரை: 86

மொத்தம் 356. ஜூனுக்குப் பின் நடக்கும் ஆவியாதலைத் தென்மேற்குப் பருவமழை ஓரளவு ஈடுகட்டும் என்று விட்டுவிட்டோம். பாசனத்துக்கு மிஞ்சுவது 144.

நெல்லுக்கு வயலில் சுமார் 4 அடித் தண்ணீர் தேவை. மதகிலிருந்து வயல் போவதற்குள் பத்தில் நான்கு பங்கு வீணாகும் என்று எடுத்தால், ஏக்கருக்கு மதகில் 2.9 லட்சம் கன அடி. ஆக 144 மில்லியன் கன அடியில் ஏறத்தாழ 500 ஏக்கர் நெல். அதையே வேர்க்கடலை, உளுந்து என்று போட்டால் (வயலில் 500 மில்லிமீட்டர் அளவு) 1,200 ஏக்கர். "2,000 ஏக்கர் பாசன வசதி பெறும்" என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் எந்தப் பயிர், எந்தப் பட்டம் என்று எழுதியாக வேண்டும். சம்பாவுக்கு மழையே பெரும்பங்கு தந்துவிடும், ஏரி கடைசி இரண்டு மூன்று தண்ணீர் கொடுத்தால் போதும். நவரைக்கு ஏரிதான் எல்லாம். கோடையில் தொடங்கும் சொர்ணவாரிப் பட்டத்துக்கு இந்த ஏரியில் இடமே இல்லை. அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது மரியாதை.

ஜூன் – செப்டம்பர் குடிநீருக்கான அந்த 86ஐ மறைத்துவிட்டு, பாசனத்துக்கு 230 இருக்கிறது என்று வாக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதல் வறட்சி ஆண்டில் மதகு மூடப்படும், பிறகு திறக்கப்படாது. புழலும் சோழவரமும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகளாக இருந்து நகரக் குடிநீருக்கு மாறியவை என்பது இங்குள்ள விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

படி 5: மதகுகளின் மட்டம்

யாருக்கு எவ்வளவு என்பதை அரசாணை கொஞ்ச காலம்தான் காக்கும். மதகின் அடிமட்டம் காலத்துக்கும் காக்கும். ஆகவே பங்கீட்டைக் கட்டுமானத்திலேயே எழுதுங்கள்.

பாசன மதகின் அடிமட்டத்தை, அதற்குக் கீழே வண்டல் ஒதுக்கீடும் நான்கு மாதக் குடிநீரும் (25 + 86 = 111 மில்லியன் கன அடி) நிற்கும் உயரத்தில் வையுங்கள். குடிநீர் எடுக்கும் கோபுரம் அதற்குக் கீழே போகலாம். இது நகரத்துக்குப் பாதுகாப்பு. விவசாயிக்கு என்ன பாதுகாப்பு? குடிநீர் பம்ப் நாள்தோறும் ஓடுவது, பாசன மதகு பட்டத்தில் மட்டும் திறப்பது. பம்ப் கூடுதலாக இழுத்தால் யாருக்கும் தெரியாது. எனவே குடிநீர்க் குழாயில் அளவுமானி, அதன் தினசரி அளவைக் கரையிலேயே பலகையில் எழுதும் ஏற்பாடு, பம்பின் திறனையே நாளுக்கு 2 கோடி லிட்டர் அளவோடு நிறுத்துவது ஆகிய மூன்றும் திட்ட அறிக்கையில் இருக்க வேண்டும். "எதிர்காலத் தேவைக்காக" என்று இரட்டைத் திறன் பம்ப் வைத்தால், எதிர்காலம் அடுத்த கோடையிலேயே வந்துவிடும்.

வாய்க்கால் பக்கம், ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் அளவுக் கட்டை வேண்டும். கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட்டு மேலே வரும் முறையை, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் முதல் தீர்மானத்திலேயே எழுதுங்கள். நீர்க்கட்டிக்கு (வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் ஆள்) கூலி யார் தருவது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அது விட்டுப்போனால் ஷட்டர் துருப்பிடித்துவிடும்.

படி 6: உபரி நீர் எங்கே போகும்

500 மில்லியன் கன அடி என்பது 1.4 கோடி கன மீட்டர். இந்தியத் தர நிர்ணயம் 11223இன்படி 1 முதல் 6 கோடி கன மீட்டர் வரை நடுத்தர அணை. நூறாண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தால் போதாது, அதைவிடப் பெரிய திட்ட வெள்ளத்துக்குக் கலங்கல் (உபரி நீர் வழியும் அமைப்பு) அமைய வேண்டும். ஆற்றோரத்து ஏரிக்குச் சொந்த நீர்ப்பிடிப்பு சிறிது என்பதால் கலங்கலைச் சுருக்கிவிடும் ஆசை வரும். தலைமதகு ஷட்டர் இறங்காமல் மாட்டிக்கொண்டு 600 கன அடியும் உள்ளே வந்துகொண்டிருக்கும் இரவையும் கணக்கில் சேர்த்துக் கலங்கல் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

அதன் பிறகுதான் சிக்கலான கேள்வி. பூண்டியிலிருந்து திறக்கும் வெள்ளம் கொசஸ்தலை வழியாக எண்ணூர் வருகிறது. புழலின் உபரியும் மணலி, சடையங்குப்பம் வழியாக அதே எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரம் நீரை வாங்காது. கழிமுகமோ சாம்பல் கழிவாலும் நிரப்புதலாலும் குறுகியிருக்கிறது. 2015இலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மணலி புதுநகர்ப் பக்கம் பட்ட பாடு தெரிந்ததுதான். புதிய ஏரி நிரம்பியபின் வழியும் நீர் அதே வரிசையில் மூன்றாவதாகப் போய் நிற்கக் கூடாது. உச்ச வெள்ளம் வரும்போது ஏரியில் இடம் மிச்சம் இருக்க வேண்டும். அதற்கு நிரப்பும் அட்டவணை தேவை. உதாரணமாக, நவம்பர் 15 வரை முக்கால் பங்கு, டிசம்பர் முதல் வாரம் வரை 90 விழுக்காடு, அதன் பிறகு முழு மட்டம். மழை அக்டோபரிலேயே கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் ஆண்டுகளில் இந்த அட்டவணையால் கொஞ்சம் தண்ணீர் இழப்போம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. ஏரி நிறைந்திருப்பதைவிடச் சடையங்குப்பத்தில் வீடு நனையாமல் இருப்பது முக்கியம்.

படி 7: கரை

கரை போகும் பாதையில் 50 முதல் 100 மீட்டருக்கு ஒரு துளை போட்டு, கரை உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரை மண் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே பழைய ஆற்றுத் தடங்கள் மணல் பட்டைகளாக மண்ணுக்கடியில் ஓடுகின்றன. ஒரு பட்டையைத் தவறவிட்டால் போதும், கரைக்கு வெளியே ஊற்று கிளம்பும். அடிக்கட்டுப் பள்ளத்தை மணலைத் தாண்டிக் களிமண் வரை இறக்குங்கள்.

நீர்ப்பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு முதல் இரண்டரை. மேல் அகலம் வண்டி போகும் அளவு, 5 மீட்டர். அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது ஒன்றரை மீட்டர் கரை. மண்ணை 20 – 25 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ஈரம் சரியாக இருக்கும்போது உருளை ஓட்டி 15 சென்டிமீட்டருக்கு இறுக்க வேண்டும். வறண்ட மண்ணை உருட்டினால் மேலே கெட்டியாகத் தெரியும், முதல் நிரப்பலில் உள்ளே அமுங்கி வெடிக்கும். ஏரிக்குள்ளிருந்தே மண் எடுப்பதானால் கரையின் அடியிலிருந்து உயரத்தின் ஐந்து மடங்காவது தள்ளி எடுங்கள். இயற்கையான களிமண் மேல்தோலைக் கிழித்துவிட்டால் கசிவுக் கணக்கு முழுதும் பொய்யாகும்.

ஒரு கைப்பிடி சோதனை: கரைக்கு எடுக்கும் களிமண்ணின் சிறு கட்டியை மழைநீரில் போட்டு அசைக்காமல் விடுங்கள். சுற்றிலும் பால் போலக் கலங்கினால் அது கரையும் களிமண். ஆய்வகச் சோதனை முடியும் வரை அதைத் தொடாதீர்கள்.

கரை உடையும் இடம் பெரும்பாலும் மதகுக் குழாயை ஒட்டியே இருக்கும். குழாயை நிரப்பு மண் மேல் வைக்காமல் கன்னி மண்ணில் வையுங்கள். குழாயைச் சுற்றி உருளை நெருங்க முடியாது, கைத்திமிசு கொண்டு மெல்லிய அடுக்காக இடிக்க வேண்டும். வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு மணல் வடிகட்டி சூழ வேண்டும். கரையில் வேலிக்காத்தான் முளைக்கவிடக் கூடாது. வேர் செத்த பிறகு அந்த ஓட்டையில்தான் தண்ணீர் ஓடும்.

படி 8: நிலமும் அனுமதியும்

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை, பழவேற்காடு பறவைகள் சரணாலயத்தின் எல்லை ஆகிய மூன்றையும் இடம் தேர்வு செய்யும்போதே வரைபடத்தில் போட்டுவிடுங்கள். பட்டா நிலத்தைவிடக் காலம் தின்பது ஏரி உள்வாயில் (நீர் தேங்கும் பரப்பில்) பல தலைமுறையாகப் பயிர் செய்பவர்களின் நிலம். அவர்களிடம் பட்டா இருக்காது, பயிர் இருக்கும். அந்தப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டோடு நிறுத்தாமல் நேரில் நடந்து எடுக்க வேண்டும். பழைய சிற்றேரிகளைப் புது ஏரிக்குள் விழுங்குவதானால், அவற்றின் ஆயக்கட்டுக்கு முதல் உரிமை என்று எழுதி, படி 4இன் கணக்கில் அவர்கள் பங்கை முதலில் கழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

படி 9: முதல் நிரப்பல்

கரை முடிந்த ஆண்டே முழுக்க நிரப்பித் திறப்பு விழா நடத்த வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி இரண்டு வாரம் நிறுத்துங்கள். வெளிப்பக்க அடியில் காலையிலும் மாலையிலும் நடந்து பாருங்கள். தெளிவாகக் கசியும் நீர் சரி, அளந்து குறித்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் உடனே மதகைத் திறந்து மட்டத்தை இறக்கி, கசியும் இடத்தின் மேல் மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கல் என்று எடை ஏற்றுங்கள். ஓட்டையைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது, தண்ணீர் வேறு இடத்தில் கிளம்பும். சரியாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, மறுபடி இரண்டு வாரம். மீதியை அடுத்த பருவமழைக்கு விடலாம். முதல் ஆண்டு ஆயக்கட்டுக்குத் தண்ணீர் இல்லை என்பதை நாற்று விடும் முன்பே தண்டோரா போட்டுச் சொல்லிவிட வேண்டும்.